கேட்காத சத்தத்துக்கு ரசீது

பி.காம். படிக்கிறவனுக்கு அல்ட்ராசோனிக்கில் என்ன வேலை என்று கூடப் படிக்கிறவர்கள் கேட்பார்கள் என்று தெரியும். காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் 1,499 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு சத்தம் இருக்கிறது. அதை இதுவரை வீட்டில் யாரும் கேட்டதில்லை. வாங்கிய அப்பாவும் கேட்டதில்லை, வேண்டாம் என்று சொன்ன பாட்டியும் கேட்டதில்லை. எலிக்காவது கேட்டதா என்று யோசிக்கப் போய்த்தான் பழைய பள்ளி அறிவியல் புத்தகத்தைத் தூசி தட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

எங்கள் ஊர் அம்மாபேட்டை பக்கம். சம்பாவுக்குப் பொன்மணி போடுவோம். விவசாய ஆபீஸ் காகிதத்தில் சி.ஆர். 1009 என்று இருக்கும். தை அறுவடையில் நல்ல நெல்லாகப் பார்த்து எடுத்து, காயவைத்து, ஆவணி வரைக்கும் விதைக்கென்று காப்பாற்ற வேண்டும். ஏழு மாதம். தாத்தா காலத்தில் கூடத்தில் ஒரு பத்தாயம் இருந்தது. கனமான பலகை, இடுக்கே கிடையாது. ஒரு ஆள் உள்ளே இறங்கி நின்றால் தலை மட்டும்தான் தெரியும். வீட்டை இடித்துவிட்டுத் தளம் போட்டுக் கட்டியபோது பத்தாயம் விலைக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் விதை நெல் கோணி மூட்டையாகப் பின்கட்டு அறையில் ஏறியது. புது வீடு எங்களைவிட எலிகளுக்கு அதிகம் பிடித்துப் போனது.

அப்போதுதான் அப்பா ஆன்லைனில் அந்தக் கருவியை வாங்கினார். உள்ளங்கை அளவு வெள்ளை டப்பா. பிளக் பாயிண்டில் செருகினால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். எலி, பல்லி, கரப்பான், கொசு எதுவும் அண்டாது, இரண்டாயிரம் சதுர அடி வரை வேலை செய்யும், விஷம் இல்லை, நாற்றம் இல்லை, மனிதர் காதுக்குக் கேட்காது என்று அட்டைப்பெட்டி முழுக்க உறுதிமொழி. முதல் நான்கு நாள் அந்த அறையில் கீச்சுச் சத்தம்கூட இல்லை. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் அப்பா சொன்னால் எடுபடும். சொசைட்டிக்கு மனு எழுதுவதிலிருந்து எந்த மோட்டார் வாங்கலாம் என்பது வரைக்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். அந்த வாரத்திலேயே மூன்று வீட்டில் வாங்கினார்கள்.

பன்னிரண்டாவது நாளோ என்னவோ, மூட்டையை நகர்த்திப் பார்த்தோம். கருவியிலிருந்து நான்கடி தள்ளி, சுவரோரத்தில், எங்கள் கோணியையே கிழித்துப் பஞ்சு மாதிரி ஆக்கி மெத்தை போட்டு, ஒரு எலி சௌகரியமாகக் குட்டி போட்டிருந்தது. ஐந்து மூட்டையில் இரண்டு வீண். தின்றது கொஞ்சம்தான், கொட்டி மூத்திரம் பட்டுப் பாழானதுதான் அதிகம். சிவப்பு விளக்கு அப்போதும் அழகாக எரிந்துகொண்டிருந்தது.

இதைச் சொன்னவுடன் அல்ட்ராசோனிக்கே ஒரு ஏமாற்று வித்தை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது அப்படி இல்லை என்பதால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது.

நம் காது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஹெர்ட்ஸ் என்றால் ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. வயது ஏற ஏற மேல் எல்லை குறைந்துகொண்டே வரும், தாத்தாவுக்கெல்லாம் 10,000 கேட்டாலே பெரிய விஷயம். 20,000-க்கு மேலே உள்ளதைத்தான் பாடப் புத்தகம் மீயொலி என்கிறது. அது வேறு ஏதோ மந்திர சக்தி இல்லை, அதுவும் சத்தம்தான். நம் காது அங்கே கதவைச் சாத்திவிடுகிறது, மற்றவர்களுக்குத் திறந்திருக்கிறது. நாய்க்கு 40,000-க்கு மேலேயும் கேட்கும், பூனைக்கு அதற்கும் மேலே. எலிக்கு 80,000 வரைகூடக் கேட்கும். ஆக, எலிக்குக் கேட்கும் என்ற பெட்டி விளம்பரத்தின் முதல் வரி உண்மை. நல்ல பொய்கள் எல்லாம் உண்மையில்தான் ஆரம்பிக்கின்றன.

இந்தச் சத்தத்தை எப்படி உண்டாக்குகிறார்கள் என்பது சுவாரசியமானது. 1880-ல் பிரான்சில் ஜாக் க்யூரி, பியர் க்யூரி என்ற அண்ணன் தம்பி சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் பிறப்பதைக் கண்டுபிடித்தார்கள். (அவர்கள் சோதித்த படிகங்களில் கரும்புச் சர்க்கரையும் ஒன்று. நம் ஊர் ஆலை ஆட்கள் இதற்கு ஒரு பெருமை கொண்டாடலாம்.) அடுத்த வருடமே இதன் மறுபக்கமும் தெரிந்தது. படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அது சுருங்கி விரியும். வினாடிக்கு லட்சக்கணக்கான முறை மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் படிகம் அத்தனை முறை அதிரும், மீயொலி பிறக்கும். அந்த ஒலி எதிலாவது மோதித் திரும்பி வந்து அதே படிகத்தில் பட்டால், திரும்ப மின்சாரமாகும். ஒரே பொருள் வாயாகவும் காதாகவும் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எலிக்கருவிக்கு வரும்போது வேண்டும்.

முதல் உலகப்போர் நேரத்தில் பிரான்சின் லாஞ்சவின் இதை வைத்துத்தான் கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடினார். இன்று நாகப்பட்டினம் விசைப்படகில் இருக்கும் எக்கோ சவுண்டர் அதன் பேரப்பிள்ளை. கடல் தண்ணீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். அனுப்பிய சத்தம் பத்தில் ஒரு வினாடியில் திரும்பி வந்தால் போக 75 மீட்டர், வர 75 மீட்டர். ஆழம் 75 மீட்டர். நடுவில் ஒரு மீன் கூட்டம் இருந்தால் அதற்கு முன்னாலேயே ஒரு எதிரொலி வரும். மெஷின் சொன்னது சரியா என்று அங்கேயே கயிறு விட்டுப் பார்க்கலாம், வலை விட்டும் பார்க்கலாம். தவறாகச் சொல்கிற கருவியைப் படகுக்காரர் யாரும் இரண்டாம் முறை வாங்க மாட்டார். டீசல் காசு அவருடையது.

அடுத்ததாக இரும்பு. ரயில் தண்டவாளத்தின் மேல் ஒரு தள்ளுவண்டியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகிறவர்களை நீங்களும் பார்த்திருக்கலாம். தண்டவாளத்துக்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று மீயொலி வைத்துப் பார்க்கிற வண்டி அது. தண்டவாளத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே போவார்கள். நான் சின்ன வயதில் அது கழுவுகிற வண்டி என்று நினைத்திருந்தேன். உண்மையில் அந்தத் தண்ணீர்தான் சத்தத்துக்குப் பாலம். கருவிக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு முடி அளவு காற்று இருந்தாலும் ஒலி இரும்புக்குள் இறங்காமல் திரும்பிவிடும்.

ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் ஜில்லென்று ஒரு பசை தடவுவார்களே, அதுவும் இதே காரணத்துக்குத்தான். காற்றிலிருந்து உடம்புக்குள் மீயொலியை நேரடியாக அனுப்பினால் நூற்றில் 99-க்கும் மேல் தோலிலேயே மோதித் திரும்பிவிடும். பசை அந்தக் காற்றை வெளியேற்றுகிறது.

இரும்புக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. 1955-ல் கிளாஸ்கோவில் அயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போனார். பாய்லர் இரும்பில் விரிசல் பார்க்கும் கருவியை அந்தக் கட்டிகள் மேல் வைத்துப் பார்த்தார். நீர்க்கட்டி ஒரு மாதிரியும் சதைக்கட்டி வேறு மாதிரியும் எதிரொலி கொடுத்தன. 1958-ல் லான்செட் இதழில் அவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரைதான் இன்றைய ஸ்கேன் சென்டர்களுக்குப் பிள்ளையார் சுழி. நமக்கு பாய்லர் என்றால் திருவெறும்பூர் நினைவுக்கு வரும். அங்கே வெல்டிங் பற்றைச் சோதிக்கிற அதே வித்தைதான் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் சாலையில் வரிசையாக இருக்கிற ஸ்கேன் சென்டர்களிலும் நடக்கிறது.

அந்த ஸ்கேன் சென்டர்களில் எல்லாம் ஒரு போர்டு இருக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம், சொல்வது குற்றம் என்று. 1994-ல் சட்டம் வந்தது, 1996 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். ஒவ்வொரு மெஷினும் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 2001-ல் 942 பெண் குழந்தைகள், 2011-ல் 943. அந்த எண்ணுக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். நான் சொல்ல வருவது, இந்தக் கருவி உண்மையைச் சொல்கிறது. அத்தனை துல்லியமாகச் சொல்வதால்தான் அதன் வாயைக் கட்ட ஒரு சட்டமே தேவைப்பட்டது. எங்கள் வீட்டு டப்பாவும் அதே மீயொலியின் பேரில்தான் விற்கிறது. அதற்கு ஒரு கவர்ச்சியான அட்டைப்பெட்டி போதுமானதாக இருந்தது.

இடையில் நம் காவிரிக்கரைக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. சர் சி.வி. ராமன் 1888-ல் திருவானைக்காவலில் பிறந்தவர். ராமன் விளைவு எல்லோருக்கும் தெரியும், மிருதங்கத்தின் நாதத்தைப் பற்றி ஆராய்ந்ததும் பலருக்குத் தெரியும். மீயொலியிலும் அவர் பெயர் இருக்கிறது. மீயொலி ஓடிக்கொண்டிருக்கும் திரவத்தின் வழியாக ஒளியை அனுப்பினால் அது கிளை கிளையாகப் பிரிவதை 1932-ல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் பார்த்தார்கள். ஏன் அப்படி என்பதற்கு 1935-லும் 1936-லும் பெங்களூரில் ராமனும் நாகேந்திர நாத்தும் விளக்கம் எழுதினார்கள். ராமன்-நாத் கொள்கை என்று இன்றும் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது, காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தைத் திரையில் ஒளிப்புள்ளிகளாகக் கண்ணால் காட்ட முடிந்தது என்பதுதான். கேட்காத சத்தம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், எங்கே காட்டு என்று கேட்கலாம். அறிவியலில் அப்படிக் கேட்டிருக்கிறார்கள், காட்டியும் இருக்கிறார்கள். விளக்கு எரிகிறதே, நம்பு என்று யாரும் சொல்லவில்லை.

இனி எலிக்கு வருவோம்.

கோயிலில் தவில் அடித்தால் நான்கு தெரு தாண்டி வீட்டுக்குள் கேட்கும், கதவு சாத்தியிருந்தாலும் கேட்கும். தாழ்ந்த சுருதியின் அலை நீளமானது, 200 ஹெர்ட்ஸ் என்றால் ஒன்றே முக்கால் மீட்டர் நீளம். அது மூலை திரும்பும், தூணைச் சுற்றி வரும். 40,000 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலை நீளம் காற்றில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அது டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். எதிரே பீரோ இருந்தால் பீரோவுக்குப் பின்னால் நிழல். கோணி, துணி, வைக்கோல் மாதிரி மெத்தென்ற பொருளில் பட்டால் அங்கேயே அடங்கிவிடும். சுவரைத் தாண்டவே தாண்டாது. போதாக்குறைக்குக் காற்றும் அதைத் தின்றுவிடும், ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு டெசிபலுக்கு மேல். ஒரு மீட்டரில் இருந்த அழுத்தம் எட்டு மீட்டர் தள்ளிப் போனால் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். இரண்டாயிரம் சதுர அடி என்பது நடுவில் சுவரே இல்லாத, சாமானே இல்லாத கல்யாண மண்டபத்துக்குச் சரி. அங்கேயும் பந்தி முடிந்த பிறகு என்ன நடக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

இதை வெறும் புத்தக அறிவாகச் சொல்லவில்லை. என்ஜினியரிங் படிக்கிற நண்பன் ஒருவன் புராஜெக்ட்டுக்கு வாங்கிய 40 கிலோஹெர்ட்ஸ் ரிசீவரை ஆசிலோஸ்கோப்பில் மாட்டிக் காட்டினான். எங்கள் டப்பாவை ஒரு மீட்டரில் வைத்தால் திரையில் கோடு எழும்பி எழும்பி ஆடியது. ஆக, சத்தம் வருவது நிஜம், அந்த வரைக்கும் கம்பெனி நேர்மைதான். நடுவில் பாதி நிரம்பிய ஒரு கோணி மூட்டையை வைத்தான். கோடு படுத்துவிட்டது. எலி இருந்தது மூட்டைக்குப் பின்னால். ஆராய்ச்சிக்கான மொத்தச் செலவு இரண்டு டீ, ஒரு பிளேட் பஜ்ஜி.

சரி, நேராகவே எலி காதில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பயப்படும்தான். எலி எந்தப் புதுப்பொருளைப் பார்த்தாலும் சில நாள் ஒதுங்கி நிற்கும், இயற்கையே அப்படி. எங்கள் வீட்டு முதல் நான்கு நாள் அமைதிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டப்பாவை மாட்டுவதற்காக அந்த அறையைக் கூட்டிப் பெருக்கி மூட்டைகளை இடம் மாற்றினோம். சத்தத்தால் போனதா, சுத்தம் செய்ததால் போனதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு பழகிவிடுகிறது. மில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்கவில்லையா? போதாததற்கு எலிகளே மீயொலியில்தான் பேசிக்கொள்கின்றன. ஆபத்து என்றால் 22 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு நீண்ட குரல், விளையாட்டு என்றால் 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம் குட்டிக் குட்டிக் குரல். கிச்சுக்கிச்சு மூட்டினால் எலி 50 கிலோஹெர்ட்ஸில் குரல் எழுப்புவதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1990-களின் கடைசியில் பதிவு செய்தார்கள். எங்கள் டப்பா எலியைப் பார்த்து என்ன பேசிக்கொண்டிருந்ததோ, யார் கண்டது :-)

அமெரிக்காவில் வர்த்தக ஆணையம் 2001 மே மாதமே இந்த மாதிரிக் கருவிகளைச் செய்கிற, விற்கிற 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நீங்கள் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் இருந்தால்தான் சொல்லலாம், எலிக்கு வருகிற பாதிப்பு தற்காலிகமானது, சுவரையும் மேஜை நாற்காலியையும் இது தாண்டாது என்றெல்லாம். கொசுவுக்கும் இதே கதை. 2007-ல் காக்ரேன் அமைப்பு, சத்தம் எழுப்பும் கொசு விரட்டிகள் பற்றி வெளியில் நடத்தப்பட்ட பத்து ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. ஒன்றிலும் பலன் இல்லை. பதினைந்து சோதனைகளில் பன்னிரண்டில், கருவி ஓடும்போது மனிதர் மேல் உட்கார்ந்த கொசு கூடுதலாகவே இருந்தது. அத்தனை வருடம் ஆகிவிட்டது, இன்றைக்கும் ஆன்லைனில் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. போனில் கொசு விரட்டும் செயலி இறக்கி வைத்துக்கொண்டு ஹாஸ்டலில் தூங்கிய நண்பர்களை எனக்குத் தெரியும். போன் ஸ்பீக்கர் 20,000 ஹெர்ட்ஸ் தாண்டவே திணறும். கொசுவுக்கோ அந்த உயரத்தில் காதே கிடையாது. கொசுவின் சிறகே சில நூறு ஹெர்ட்ஸில்தான் பாடுகிறது, அதன் கேள்விச் சக்தியும் அந்தப் பக்கம்தான்.

இப்போது என் பாடத்துக்கு வந்துவிடுகிறேன். சந்தையில் சில சரக்கைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், கத்தரிக்காய் மாதிரி. சிலதை உபயோகித்தால் தெரியும், மாம்பழம் மாதிரி. மூன்றாவது ஒரு வகை உண்டு. உபயோகித்த பிறகும் நல்லதா கெட்டதா என்று வாங்கியவரால் சொல்ல முடியாது. 1973-ல் டார்பி, கார்னி என்ற இரண்டு பொருளாதார ஆசிரியர்கள் இதை நம்பிக்கைச் சரக்கு என்கிற பொருளில் பெயர் வைத்துப் பிரித்தார்கள். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால் சந்தை எப்படிக் கெடும் என்று ஆகர்லாஃப் 1970-ல் பழைய கார் வியாபாரத்தை வைத்து எழுதினார். அதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது 2001-ல், எலிக்கருவிக் கடிதங்கள் போன அதே வருடம். பரீட்சைக்கு இதையெல்லாம் மனப்பாடம் செய்தபோது பழைய காரும் தெரியாது, நம்பிக்கைச் சரக்கும் புரியவில்லை. பின்கட்டு அறையில் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தபோது புரிந்தது. எலி வந்தால், இன்னும் அதிகமாக வந்திருக்கும், கருவி குறைத்திருக்கிறது என்பார்கள். வராவிட்டால் கருவியின் மகிமை. எப்படி விழுந்தாலும் கம்பெனிக்குத் தலைதான்.

மீயொலி உண்மையில் உழைக்கிற இடங்களைத் திரும்பப் பாருங்கள். படகு, தண்டவாளம், பாய்லர், வயிறு, காருக்குப் பின்னால் பீப் பீப் என்கிற ரிவர்ஸ் சென்சார் எல்லாவற்றிலும் ஒரு எதிரொலி திரும்பி வருகிறது. அதை ஒருவர் படிக்கிறார், சரியா தவறா என்று ஒத்துப் பார்க்கிறார். எதிரொலியே தேவைப்படாத நகைக்கடைத் தொட்டியில்கூட மூக்குத்தி அழுக்குப் போய்ப் பளிச்சென்று வருவதைக் கண்ணால் பார்த்துத்தான் காசு கொடுக்கிறோம். எலிக்கருவி மட்டும்தான் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கிறது. வாய் இருக்கிறது, காது இல்லை. எலி இருக்கிறதா போனதா என்று அதற்கும் தெரியாது, நமக்கும் சொல்லாது.

இதற்கு நேர் எதிரான ஒரு தொழில் எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தஞ்சாவூர் கிட்டி என்று வேளாண்மைப் புத்தகங்களிலேயே பெயர் போட்டிருக்கும். மூங்கிலை வில் மாதிரி வளைத்து நாண் கட்டிய பொறி. சாயங்காலம் கிட்டிக்காரர் ஒரு கட்டைச் சுமந்துகொண்டு வருவார், எலி நடக்கிற தடம் பார்த்து வரப்போரமாக வைத்துவிட்டுப் போவார். விடிந்ததும் எடுப்பார். கூலி எலிக்கு இவ்வளவு என்று. வரப்பு மேல் வரிசையாகப் போட்டுக் காட்டுவார், அப்பா எண்ணுவார், காசு கொடுப்பார். ஒரு எலியும் விழவில்லை என்றால் ஒரு காசும் இல்லை.

வயலுக்கு வந்த அவரைப் பின்கட்டு அறைக்கும் கூப்பிட்டோம். டப்பாவைப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, சாமி வெளக்கா?" என்றார். விளக்கிச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எவ்ளோ எலிக்கு எவ்ளோ காசு?" என்று கேட்டார். எலிக் கணக்கெல்லாம் இல்லை, முன்கூட்டியே 1,499 என்றேன். "நமக்கு அப்படி யாரும் குடுக்க மாட்டேங்கறாங்களே" என்று சிரித்தார். ஆகர்லாஃபையும் டார்பி-கார்னியையும் படித்துவிட்டு நான் கேட்காமல் விட்ட கேள்வியை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார்.

கிட்டியைப் பெரிய தெய்வமாக்கவில்லை. நடவு முடிந்து வைத்தால் பலன் உண்டு, பக்கத்து வயல்காரர் வைக்காவிட்டால் பத்து நாளில் திரும்ப வந்துவிடும். பார்க்கவும் கொஞ்சம் கொடூரமாகத்தான் இருக்கும். தென்னை மட்டையை வயலில் நட்டு ஆந்தை உட்கார இடம் செய்வார்கள், அது இன்னும் நல்லது, ஆந்தைக்குக் கூலியும் இல்லை. எல்லாவற்றுக்கும் குறை உண்டு. குறை என்ன என்று நமக்குத் தெரிகிறது, அதுதான் வித்தியாசம்.

கருவியைத் தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெட்டியில் எழுதட்டும், எத்தனை மீட்டரில் எத்தனை டெசிபல், யார் சோதித்தார்கள், எத்தனை நாள் சோதித்தார்கள் என்று. மூட்டை அடுக்கிய அறையில் சோதித்தார்களா என்றும் எழுதட்டும். எழுத முடியாவிட்டால் எலி என்ற வார்த்தையை எடுத்துவிட்டு விடிவிளக்கு என்று விற்கட்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை. ஆனால் 1,499 ரூபாய்க்கு யார் அறுவடையை விட்டுவிட்டு தஞ்சாவூருக்கு நடையாய் நடப்பார்கள்? இது கம்பெனிக்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும். விலையை அந்த இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

அப்பாவுக்குப் பணம் போனது பெரிதில்லை. புது விதை வாங்கியாகிவிட்டது, பின்கட்டுக்கு மூடி இறுகிய தகர டிரம் இரண்டு வந்துவிட்டது. தன் வார்த்தையை நம்பி மூன்று வீட்டில் வாங்கினார்களே என்பதுதான் அவரை அரித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று வீட்டுக்கும் தானே போனார். நானும் கூடப் போனேன். "நான் சொன்னது தப்புங்க, அது வேலை செய்யல, யாரும் இனிமே வாங்காதீங்க" என்று நேராகவே சொன்னார். முதல் வீட்டில் சிரித்துவிட்டு, "எங்களுக்கும் தெரியும், உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தோம்" என்றார்கள். இரண்டாவது வீட்டில் டப்பாவை ஏற்கெனவே பரணில் போட்டிருந்தார்கள்.

மூன்றாவது வீட்டுப் பெரியப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "என்னடா இப்படிச் சொல்ற? எங்க வீட்ல அன்னைலேர்ந்து ஒரு எலி கெடையாது, பிரமாதமா வேலை செய்யுது" என்று அப்பாவை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். சுவரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, நெல் மூட்டை மேல், இரண்டு பூனைகள் தூங்கிக்கொண்டிருந்தன.